காளவாசல் சாக்கு

சாக்கு உங்க கால்ல இடிக்குதா தம்பி? இருங்க, இந்தப் பக்கமா இழுத்துக்கிடுதேன். கண்டக்டர் இதைக் கடைசி சீட்டுக்குப் பின்னால கொண்டு போய்ப் போடச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். அங்க போட்டா வளைவுக்கு வளைவு உருளும், எவனாவது மேல கால வைப்பான். உள்ள இருக்கது மருந்து. மனுசனுக்கு இல்ல, செடிக்கு.

என்ன இருமுதீங்க? மேட்டுப்பாளையத்துல ஏறுனதுமே குளுந்த காத்து புடிச்சிருச்சோ. அந்தக் கண்ணாடிய இழுத்துச் சாத்துங்க. நல்லா அமுக்குங்க, ஆங். மலைக்காத்து கீழ இருந்து வாரவுகளுக்கு ஒத்துக்கிடாது. என் சம்சாரம் இந்த மலைக்கு வந்துதான் மூணு வருசம் இருமுனா. இருமியே போய்ச் சேந்துட்டா. நாளன்னைக்கு அவளுக்குத் தலைத் திவசம். அதுக்குத்தான் போறேன்.

நீங்களும் கோத்தகிரியா? அப்ப சரி. பேசிக்கிட்டே போயிரலாம்.

என் பேரு சங்கரலிங்கம். திருநெல்வேலி பக்கம். எங்க ஊர்ல வந்து சங்கரலிங்கம்னு கேட்டா முழிப்பான், காளவாசல் லிங்கம்னு கேட்டா வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவான். சுண்ணாம்புக் காளவாசல் வச்சிருந்தேன். முப்பத்தெட்டு வருசம். கல்ல அடுக்கி, கரிய அடுக்கி, தீய வச்சு வேக வச்சு எடுத்தா சுண்ணாம்பு. வெந்த கல்லுல தண்ணிய ஊத்துனா கொதிச்சுப் பொரிஞ்சு மாவா உதிரும் பாருங்க, அதை நீத்துறதுன்னு சொல்லுவோம். நீத்தி, சலிச்சு, சாக்குல புடிச்சா யாவாரம் முடிஞ்சுது. போன வருசந்தான் மூடுனேன்.

சுண்ணாம்ப மாதிரி சுத்தமான பொருள் ஒலகத்துல கெடையாது தம்பி. வீட்டுக்கு அடிச்சா வீடு சுத்தம். கெணத்துல போட்டா தண்ணி சுத்தம். வெத்தலையில தடவுனா வாய்க்கு மணக்கும். தென்னை மரத்துக்கு அடியில அடிச்சு வச்சா கரையான் ஏறாது. தேள் கடிச்சாக்கூட எங்கூர்ல மொதல்ல அதத்தான் தேடுவாக. இப்படி ஒரு பொருள, தூசி, தூசின்னு என் மக சொல்லுதா. படிச்ச புள்ள. இங்கன பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா.

கோமதின்னு பேரு. ஒரே மக. மாப்பிள்ளை சதாசிவம் தேயிலை ஃபேக்டரியில சூப்பர்வைசர். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆளு, அதிர்ந்து பேச மாட்டாரு. திட்டுனாக்கூட "ஏனுங்க மாமா"ன்னுதான் ஆரம்பிப்பாரு. அதனாலயே அவரு திட்டுதாரா விசாரிக்காரான்னு நமக்குப் புரியாது.

என் சம்சாரம் பேரு ஆவுடை. காளவாசல்ல சலிக்குற வேலை பூரா அவதான். ஆள் வச்சா பாதி மாவு வீணாப் போகும்பா. முந்தானைய மூக்கோட சேத்துக் கட்டிக்கிட்டு, சல்லடையப் புடிச்சான்னா வெள்ளைப் பொம்பள மாதிரி ஆயிருவா. இமையெல்லாம் வெள்ளை. "ஏட்டி, நீ பேசாம சீமைக்குப் போயிரு, அடையாளம் தெரியாது"ன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிப்பா. இருமிக்கிட்டே சிரிப்பா.

டாக்டரு என்ன சொன்னாருன்னா, நுரையீரல்ல தூசி படிஞ்சு இறுகிப் போச்சுன்னாரு. நான் கேட்டேன், "அப்ப எனக்கு ஏன் படியல? நானும் அதே காளவாசல்தான?" நான் சலிக்குற இடத்துல நின்னதில்லங்கது வாஸ்தவந்தான். கல்லுக்கு அலையணும், கரிக்கு அலையணும், லாரி புடிக்கணும், நிக்க நேரமேது. இருந்தாலும் ஒரே காம்பவுண்டுதான. எனக்குத் தெரிஞ்சு அது அடுப்புப் புகை. இல்லன்னா பரம்பரை. அவ அம்மையும் இருமுவா.

இந்தாங்க, சுக்கு மிட்டாய். வாயில அடக்கிக்கிடுங்க. தொண்டைக்கு இதம். ஆவுடைக்கும் இதத்தான் டப்பா டப்பாவா வாங்கிக் குடுத்தேன். கஷாயம் வச்சுக் குடுத்தேன், மஞ்சப் பாலு குடுத்தேன். நான் ஒண்ணும் பாக்காம விட்டேன்னு எவனும் சொல்ல முடியாது.

கோமதி வந்து, "மூணு மாசம் எங்கூட இருக்கட்டும்ப்பா"ன்னு கூட்டிக்கிட்டுப் போனா. மூணு மாசம்னு போனவ வரவே இல்ல. நான் ரெண்டு தடவை மேல வந்து பாத்தேன். ரெண்டாந் தடவை பாக்கும்போது மூக்குல குழாய். அடுப்படியில ஒரு மிசினு, காத்த உறிஞ்சிக் குடுக்கும். அதுலருந்து நீளமா ஒரு குழாய். அது எட்டுற தூரம் வரைக்கும் அவ நடக்கலாம், அதுக்கு மேல முடியாது. அடுப்படி, அடுப்படி வாசப்படி, வெளிய மதிலோரமா ஒரு எட்டு அடி மண்ணு. அவ்வளவுதான் அவ ஊரு.

அந்த எட்டு அடியிலதான் மூணு செடி வச்சா. எஸ்டேட் பங்களாவுல இருந்து மாப்பிள்ளை பதியம் கொண்டாந்து குடுத்தாராம். கேமிலியான்னு பேரு. நீங்க பாத்திருப்பீங்க, இங்கன பழைய பங்களாவுல எல்லாம் நிக்கும். இலை எண்ணெய் தடவுன மாதிரி பளபளன்னு. பூ அடுக்கடுக்கா, ரோசா மாதிரி, ஆனா வாசம் கெடையாது. தேயிலைக்குத் தங்கச்சி முறைன்னு மாப்பிள்ளை சொல்லுவாரு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு ரோசு, ஒண்ணு வெள்ளை. வாசம் இல்லாத பூவு, அதனாலதான் அம்மா ஆசைப்பட்டாங்கன்னு கோமதி சொன்னா. வாசம்னா அவளுக்கு மூச்சு எடுக்க முடியாது.

போன ஐப்பசியில போயிட்டா. கடைசியில வெள்ளைப் பூவு ஒண்ணு பூத்திருந்துச்சு. அதத்தான் அவ தலையில வச்சு அனுப்புனோம்.

பதினாறு முடிஞ்சு நான் அங்கயே தங்கிட்டேன். கீழ எனக்கு யாரு இருக்கா? காளவாசலும் மூடியாச்சு. கோமதியும் "இருங்கப்பா"ன்னா. முழு மனசோட சொன்னாளான்னு தெரியாது, ஆனா சொன்னா. ஒரு ரூமு குடுத்தாக. காலையில டீ. மாப்பிள்ளை பேப்பர மொதல்ல என் கையில குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போவாரு. நான் அதுக்கு மேல என்ன கேட்டேன்?

தை பொறந்துது. துக்க வருசம், பொங்கல் கெடையாது. மாப்பிள்ளையோட அம்மாவப் பாக்கணும்னு அவுக ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போயிட்டாக, ரெண்டு நாளைக்கு. வீட்டுல நான் மட்டும். உக்காந்து அந்த மதிலப் பாக்கேன். பாசி புடிச்சு, கருப்பும் பச்சையுமா. ஆவுடை கடைசி மூணு வருசம் பாத்த செவுரு இது. பாக்கச் சகிக்கல. பொங்கல் வைக்கத்தான் கூடாது, வெள்ளையடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? கடைசிச் சூளையில மிஞ்சுன சுண்ணாம்பு ரெண்டு சாக்கு, லாரிக்காரர் ஒருத்தர் மூலமா மேல கொண்டாந்து வச்சிருந்தேன். அண்டாவுல கரைச்சேன். மதிலு பூரா மூணு கோட்டு அடிச்சேன். எழுபது வயசுல தம்பி, தனியா.

அடிச்சு முடிச்சதும் அண்டா அடியில கெட்டியா மிஞ்சுது. அதைச் சாக்கடையில கொட்ட மனசு வருமா? மூணு செடிக்கும் வேர் மூட்டுல பாகம் பிரிச்சு ஊத்துனேன். நத்தை வேற ஏறுதுன்னு கோமதி சொல்லியிருந்தா. அதுக்குச் செடியச் சுத்தி ஒரு வட்டம், மாவ அப்படியே தூவுனேன். வெள்ளை மதிலு, முன்னால பச்சைச் செடி, காலடியில வெள்ளை வட்டம். கோலம் போட்ட மாதிரி இருந்துச்சு. ஆவுடை பாத்தா சிரிச்சிருப்பான்னு நெனச்சேன்.

கோமதி வந்து வெளிக் கேட்டத் தொறந்து உள்ள கால வச்சவ அங்கனயே நின்னுட்டா. மூக்க முந்தானையால பொத்திக்கிட்டா. நேரா உள்ள போயிட்டா. நான் என்ன நெனச்சேன்னா, அம்மா ஞாபகம் வந்துருச்சு, அழுதான்னு.

தண்ணி வேணுமா? குடிங்க, குடிங்க. எச்சி வச்சே குடிங்க, பரவாயில்ல.

பங்குனியில செடி மஞ்சளாச்சு. கொழுந்து வாரதே மஞ்சளா வருது. நரம்பு மட்டும் பச்சை, இடையில இருக்க எலை பூரா மஞ்சளு. ஓரமெல்லாம் கருகி, பீடிய வச்சுச் சுட்ட மாதிரி. செவப்புல மொட்டு அத்தனையும் விரியாமயே விழுந்துது. நான் பதறிட்டேன் தம்பி. செடிக்குச் சத்து பத்தலைன்னு நெனச்சேன். எங்கூர்ல வாழை, தென்னை, முருங்கை எதுன்னாலும் மஞ்சளானா சாம்பலக் கொட்டுவோம். பக்கத்து டீக்கடை அடுப்புச் சாம்பல் ரெண்டு கூடை வாங்கியாந்து போட்டேன். முட்டை ஓட்ட நொறுக்கிப் போட்டேன். நெதம் காலையில சிமெண்டுத் தொட்டித் தண்ணியக் கொடங்கொடமா ஊத்துனேன். நான் கவனிக்கக் கவனிக்க அது கூடுதலா மஞ்சளாகுது. ரோசு செடி சித்திரையில குச்சியாயிருச்சு.

அப்பந்தான் மாப்பிள்ளை ஒருநா வேலை விட்டு வந்து, உக்காந்து, மண்ணக் கையில எடுத்துப் பாத்தாரு. "ஏனுங்க மாமா, இதுக்குச் சுண்ணாம்பா போட்டீங்க?"

"ஆமா. ஏன், எஸ்டேட்டுல தேயிலைக்கு டோலமைட் போடுதீகளே. அதுவும் நம்ம சுண்ணாம்புக்குச் சொந்தக்காரந்தான?"

"அது மண்ணப் பரிசோதனை பண்ணி, அளந்து, சில வருசத்துக்கு ஒருக்கா போடறதுங்க. இந்தச் செடிக்குப் புளிப்பு மண்ணு வேணும். சுண்ணாம்பு புளிப்பக் கொன்னுபோடும். அப்புறம் மண்ணுல இரும்புச் சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாதுங்க மாமா. கண்ணு முன்னால சோறு இருக்கும், வாய் கட்டிக் கெடக்கும்."

ஒரு பொட்டணம் மண்ண அவரு ஃபேக்டரி மூலமா கொண்டு போயி சோதிச்சுக் கொண்டாந்தாரு. அவுக பி.எச்.னு சொல்லுத அளவு ஏழரைன்னு வந்துது. அஞ்சு இருக்கணுமாம். இத்தனை வருசமா எனக்குத்தான் ஏழரைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், மண்ணுக்குமான்னு கேட்டேன். மாப்பிள்ளை சிரிச்சாரு. கோமதி சிரிக்கல.

சரி, தப்பு என்னுது. அதை நான் ஒத்துக்கிடுதேன். சுண்ணாம்பு செடிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சதும் நானே எறங்கிச் சரி பண்ணுனேன். வைகாசி பூரா அதே வேலை. மேல் மண்ண ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்துரணும்னாரு மாப்பிள்ளை. மண்வெட்டியப் போட்டேன். இந்தச் செடிக்கு வேரு மேலாப்புலயே கெடக்குங்கது யாருக்குத் தெரியும்? செவப்புச் செடி வேரு பாதி அந்துபோச்சு. அது பதினஞ்சு நாள்ல முடிஞ்சுது. மிச்சம் வெள்ளைப் பூ செடி ஒண்ணுதான். அதுக்கு மண்வெட்டிய வைக்கல. அடுப்படியில போயி ஒரு கரண்டிய எடுத்தாந்தேன். சம்மணம் போட்டு உக்காந்து கரண்டி கரண்டியா எடுத்தேன். அடியில வெள்ளை வெள்ளையா இறுகி, அப்பளம் மாதிரி ஏடு ஏடா வருது. என் சுண்ணாம்பு.

மூணாம் நாளு கோமதி ஒரு கரண்டியோட வந்தா. எதுத்தாப்புல உக்காந்து அவளும் தோண்ட ஆரம்பிச்சா. பள்ளிக்கூடம் லீவு. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். எடுத்த பள்ளத்துல பழைய தேயிலைத் தோட்டத்து மண்ணும், ஃபேக்டரியில கழிச்ச தேயிலைத் தூளும் போட்டு நெரப்பி, மேல பைன் ஊசி எலைய அள்ளியாந்து மெத்தை மாதிரி பரப்புனோம். தொட்டித் தண்ணிய விட்டுட்டு மழைத் தண்ணிய வாளியில புடிச்சு ஊத்துனோம். என் மக சின்னப் புள்ளையா இருக்கும்போதுகூட அத்தனை நாளு என் எதுக்க உக்காந்ததில்ல தம்பி. எனக்கு நேரமே இருந்ததில்ல. அந்த மூணு வாரந்தான் நான் அந்த வீட்டுல நல்லா இருந்தது. சொல்லுததுக்கு என்ன, செடி செத்துக் கெடக்கும்போது எனக்குச் சந்தோசமா இருந்துச்சு.

கடைசி நாளு. வேரோட ஒட்டிக்கிட்டு இருந்த ஏடு ஒண்ண, கோமதி நகத்தால பிரிச்சு எடுத்துக் கையில வச்சுக்கிட்டே பாத்தா. அப்புறம் சொன்னா.

"அம்மா நுரையீரல் படத்த டாக்டர் காட்டுனாரு. இப்படித்தான் இருந்துச்சு."

நான் சொன்னேன், "அது அடுப்புப் புகைம்மா."

"நான் அஞ்சாப்பு படிக்கும்போதே நம்ம வீட்டுல கேஸ் அடுப்புப்பா."

"அப்படின்னா பரம்பரை. உன் ஆச்சியும்..."

"ஆச்சியும் காளவாசல்லதான்பா சலிச்சா. நம்ம காளவாசல்ல."

எனக்குச் சுள்ளுன்னு வந்துருச்சு. "இப்ப என்ன சொல்ல வார? நான் கொன்னேங்கியா?"

அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், சரியாப் போயிருக்கும். கரண்டியக் கழுவுனா. கழுவிக்கிட்டே சொன்னா. "செடிக்கு ஒத்துக்கிட்டீங்க. உங்க மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னதும் ஒத்துக்கிட்டீங்க. அம்மாவுக்கு ஒத்துக்க மாட்டேங்கிறீங்க. செடி பூக்குறது பூக்காதது எனக்குப் பெருசில்லப்பா. தூசிதான்னு ஒருக்கா உங்க வாயால சொல்லுங்க. அன்னைக்கு இந்த வீடு உங்க வீடு. அது வரைக்கும் உங்களைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

பெத்த மக சொல்லுதா. கேட்டுக்கிட்டீங்களா. நான் ஆடி பொறந்ததும் கீழ எறங்கிட்டேன். "வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்"னு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். "சரிங்க மாமா"ன்னாரு. என்னைக்கு வருவீங்கன்னு கேக்கல. எப்பவும் கேக்குற மனுசன்.

வண்டி நிக்குது. குஞ்சப்பனை. டீ குடிக்க எறங்குதீங்களா? எறங்குங்க, எறங்குங்க. நான் வரல, சாக்க விட்டுட்டு வர முடியாது. சீட்டப் பாத்துக்கிடுதேன்.

வாங்க. டீ எப்படி? நீங்க எறங்கி நின்னு டீ குடிச்சத சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யார்கிட்டயோ போன்ல பேசிச் சிரிச்சீங்க. வெளிய இந்தக் குளிரு அடிக்கு, அங்கன இருமலே காணோம். டீச் சூடு கேட்டுருச்சு போல. சரி, கண்ணாடியச் சாத்திருங்க.

எங்க விட்டேன்? ஆங், நாலு மாசம் கீழ கெடந்தேன். கோமதி போன் எடுக்க மாட்டா. மாப்பிள்ளைதான் வாரத்துக்கு ஒருக்கா பேசுவாரு. வெள்ளைச் செடி பச்சை புடிச்சிருச்சுங்க மாமான்னு ஆவணியில சொன்னாரு. மொட்டு மூணு வந்திருக்குன்னு புரட்டாசியில சொன்னாரு. நான் என்ன நெனச்சேன்னா, திவசத்துக்குப் பூத்துரும், நான் போயி நிப்பேன், பூவப் பாத்தா அவளும் எல்லாத்தையும் மறந்துருவான்னு. அப்புறம் மழை புடிச்சுது. போன வாரம் மாப்பிள்ளை பேசும்போது சொன்னாரு, "மறுபடி மஞ்சள் தட்டுதுங்க மாமா." எப்படி? ஒரு சாண் மண்ண மாத்தியாச்சே, கரண்டியால? "மதிலுங்க. நீங்க அடிச்ச சுண்ணாம்பு மழையில கரைஞ்சு வடிஞ்சு செடி மூட்டுலதானுங்க எறங்குது. மதிலு அங்க நிக்கற வரைக்கும் இது ஓயாதுங்க."

அதான் இந்தச் சாக்கு. இதுல கந்தகத் தூளு அஞ்சு கிலோ, கோவில்பட்டியில வாங்குனது. மண்ணப் புளிக்க வைக்கும். நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி ரெண்டு கிலோ, அது இரும்புச் சத்து. செவுத்தச் சுரண்ட ஒரு சுரண்டி. எல்லாம் தனித்தனியா பிளாஸ்டிக் கவர்ல கட்டித்தான் போட்டிருக்கேன், மணம்கூட வராது, மோந்து பாருங்க. வெளிச் சாக்குதான் பழசு. நம்ம காளவாசல் சாக்கு. ரெண்டு உதறு உதறிட்டுத்தான் போட்டேன். அப்படியும் பாருங்க, வேட்டியெல்லாம் வெள்ளை மாவு. வளைவுல வண்டி திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் பறக்கத்தான் செய்யுது. முப்பது வருசத்துச் சுண்ணாம்பு, நூலுக்கு நூலு ஏறியிருக்கும்ல. எத்தனை உதறுனாலும் போகாது.

தம்பி, மெதுவா. மெதுவா. முன்னால குனிஞ்சுக்கிடுங்க. மாட்டேங்குதா? கண்ணுல தண்ணி வந்துருச்சே. தண்ணி குடிங்க. இந்தாங்க துண்டு, மூக்க...

துண்டுலயும் மாவு ஏறியிருக்கு. இருங்க, வேண்டாம். அதக் குடுங்க.

ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க மேட்டுப்பாளையத்துல எனக்கு முன்னாலயே ஏறி உக்காந்திருந்தீங்கல்ல. அப்ப இருமுனீங்களா? இல்லையா. நான் சாக்க வச்சதுக்குப் பெறகுதானா. குஞ்சப்பனையில கீழ நின்னப்பவும் இல்ல. நான்தான் பாத்தேனே, சிரிச்சுக்கிட்டு நின்னீங்க.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. பெரியவரே, சாக்க அங்கிட்டுத் தள்ளுங்கன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? வயசான ஆளு பேசிக்கிட்டு வாராரு, மனசு நோகக் கூடாதுன்னு இருந்தீங்களாக்கும். ஒரு மணி நேரமா இருமிக்கிட்டு, நான் குடுத்த மிட்டாயத் தின்னுக்கிட்டு, நான் சாத்தச் சொன்ன கண்ணாடியச் சாத்திக்கிட்டு.

அவளும் சொல்லல தம்பி. இருபத்தாறு வருசம். சல்லடைய இன்னொரு ஆள்கிட்டக் குடுங்கன்னு ஒருக்கா கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? குடுத்திருப்பேன். குடுத்திருப்பேன்னுதான் நெனைக்கேன். கேட்டாளோ என்னமோ. ஒருதரம் கேட்டா. கோமதி வயித்துல இருந்தப்ப, "மேலுக்கு முடியல, இந்த மாசம் மட்டும் யாரையாவது சலிக்க விடுங்க"ன்னா. நான் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்.

கொஞ்சம் காலத் தூக்குங்க. சாக்க எடுத்துக்கிடுதேன். இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. நானே தூக்குவேன், இதவிடப் பெரிய சாக்கெல்லாம் தூக்குன ஆளு. கடைசி சீட்டு காலியாத்தான் கெடக்கு. கண்டக்டர் அப்பவே சொன்னாரு. அந்தக் கண்ணாடியத் தொறங்க. பூராத் தொறங்க.

தம்பி. ஏ தம்பி, இங்க, பின்னால. ஒரு நிமிசம் திரும்புங்க. நானும் அப்பத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், அரவேணு ஸ்டாப்பு தாண்டி எத்தனையோ வளைவு போயிருச்சு. இருமல் இருக்கா?

இல்லையா?

ஒருக்காகூட இல்லையா.

சரி. தூசிதான் தம்பி. என் சுண்ணாம்புத் தூசிதான்.

நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, ஒண்ணுமில்ல. கோத்தகிரி போய்ச் சேருததுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். கோமதி வந்து கதவத் தொறக்கும்போது எனக்கு வாய் கட்டிரக் கூடாது.